ஒன்றாம் டிரையரை நிறுத்தியவர்

ஐந்து ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெரிதாக, பளபளவென்று ஓர் எஃகுத் தகடு. மோட்டாரிலும் காற்றடிக்கிற பேனிலும், சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங் இருக்கும் இடத்தின் மேல் அதைப் பசை வைத்து ஒட்டிவிடுவோம். உள்ளே ஒரு பொடிச் சில்லு. இது எந்த மெஷின், என்ன பேரிங், கடைசியாக எப்போது பிரித்தார்கள் என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். அதிர்வை அளக்கிற சென்சாரைத் தகட்டின் மேல் வைத்து ஒரு திருகு திருகினால் போதும். கையிலிருக்கும் பெட்டி மெஷினின் பெயரைத் தகட்டிலிருந்தே படித்து, அளவை அந்தப் பெயரில் சேமித்துக்கொள்ளும். கோயம்புத்தூரிலிருந்து இந்தத் தகடுகளைக் கொண்டுபோய் நீலகிரித் தேயிலை பேக்டரிகளில் ஒட்டிக் கொடுப்பதுதான் அப்போது என் பிழைப்பு. "ஆள் தப்புப் பண்ணலாம், இது பண்ணாதுங்க" என்று போகிற இடமெல்லாம் தம்பட்டம் அடிப்பேன். அந்த வாய்க்கொழுப்பு அடங்கியது குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட் பேக்டரியில். அடக்கியவரை அங்கே எல்லோரும் ரீடிங் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

என்னை விட ஓரிரு வயது மூத்தவராக இருப்பார். எட்டு வருடமாக மாடியில் பச்சை இலையை வாடப் போடுகிற வேலை. இலையை அள்ளி அள்ளித் தோள்பட்டை கழன்றிருந்தது. நான் தகடுகளை ஒட்டி முடித்ததும், வாரம் ஒருமுறை நாற்பத்திரண்டு இடத்திலும் அளவு எடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. மெஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டரைக் கேட்டார்கள். "டப்பாவைத் தூக்கிட்டு ஊர்வலம் போறதுக்கா நான் பிட்டராயிருக்கறேன்?" என்று முறுக்கிக்கொண்டார். மாடியிலிருந்து இறங்கி வந்து நான் பார்க்கிறேன் என்றவர் இவர்தான். அந்த பேக்டரியில் மெஷின் பக்கம் அதுவரை பெண்கள் வேலை பார்த்ததில்லை. எஸ்டேட் மேனேஜரை அங்கே இன்றும் தொரை என்றுதான் சொல்கிறார்கள். தொரை அரைமனதாக ஆறு மாதத்துக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். ஒரு தப்பு நடந்தாலும் திரும்ப மாடிக்குத்தான் என்றும் சொல்லிவிட்டார்.

வேலையை அவர் பிடித்துக்கொண்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். தகட்டைத் துணியால் துடைக்காமல் சென்சாரை வைக்க மாட்டார். மெஷினில் இலை விழுந்து பாரம் ஏறும்வரை பெட்டியைத் தொடாமல் நிற்பார். "சும்மா ஓடறப்ப எடுத்தா அது பொய்க் கணக்குங்க சார்" என்பார். நான் அதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை, சொல்லியிருக்க வேண்டும். என்னிடம் பட்டயம் இருந்தது, அவரிடம் பொறுமை இருந்தது. "இது என்ற வேலைங்க" என்று, 'என்னுடைய' என்பதைக் கொங்குத் தமிழில் 'என்ற' ஆக்கி, அவர் சொல்லும்போது குரலில் தெரிகிற பெருமை என் வேலையைப் பற்றி எனக்கே இருந்ததில்லை.

ஆயுத பூஜை வந்தது. அதற்கு முன்னால் மெஷின்களுக்கெல்லாம் பெயின்ட் அடிப்பது அந்த பேக்டரி வழக்கம். பெயின்ட் அடிப்பதற்காக பிட்டர் தகடுகளை எல்லாம் உளியால் தட்டி எடுத்து ஒரு தாம்பாளத்தில் போட்டுவிட்டார். ரீடிங் அக்கா பதறிப்போய் அவற்றை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். யாரோ நல்ல மனசுக்காரர் அந்தத் தாம்பாளத்தையும் பூஜைக்கு எடுத்துப்போய், ஒவ்வொரு தகட்டுக்கும் தனித்தனியாகச் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார். வரிசை போன இடம் தெரியவில்லை. எது எந்த மெஷினுடையது என்று பெட்டியில் வைத்துப் பார்த்தால் தெரியும். ஆனால் பெட்டியும் சாமி முன்னால் ஸ்பானர்களோடு உட்கார்ந்திருந்தது. பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. மறுநாள் காலையிலோ மெஷின் ஓடியாக வேண்டும். பசை காய அதற்கு முன் ஓர் இரவாவது வேண்டும். கீறல், பழைய பசை என்று அடையாளம் பார்த்து நாற்பது தகடுகளை இவர் சரியாகவே ஒட்டிவிட்டார். மிச்சமிருந்த இரண்டு, இலையை உலர்த்துகிற இரண்டு டிரையர்களின் பேன்களுடையவை, ஒன்றுபோலவே இருந்தன. மனதில் பட்டபடி ஒட்டினார்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. சில வாரம் கழித்து, இரண்டாம் டிரையர் பேனின் அதிர்வு ஏறிக்கொண்டே போவது என் மேசைக் கம்ப்யூட்டரில் தெரிந்தது. பேரிங் போய்விட்டது, உடனே பிரியுங்கள் என்று ரிப்போர்ட் அனுப்பிவிட்டு, பெருமையைப் பார்க்க நானும் மலையேறினேன். இலை வந்து குவிகிற நேரம். இருந்தும் என் பேச்சை நம்பிக் காலையிலேயே இரண்டாம் டிரையரை நிறுத்திப் பிரித்தார்கள். பேரிங் புதுசாக மின்னியது. பிட்டர் அதை என் கையில் கொடுத்து, "கல்யாணப் பொண்ணாட்டம் இருக்குதுங்களே சார்" என்றார். எனக்கு முகம் எரிந்தது. நீங்கள் பிரித்த லட்சணம் சரியில்லை என்று அவர் மேல் பாய்ந்தேன். தொரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க கம்பெனியில வேற ஆள் இருந்தா அனுப்பச் சொல்லுங்க" என்றார்.

ரீடிங் அக்கா இந்தச் சண்டைக்குள் வரவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த ஒன்றாம் டிரையர் பேனிடம் போய் சென்சாரை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணை நிறுத்தச் சொல்லுங்க தொரை."

தேயிலை தயாரிப்பு முழுவதற்கும் பொறுப்பானவரை டீமேக்கர் என்பார்கள். அவர் கத்தியே விட்டார். "ரெண்டைப் பிரிச்சுப் போட்டாச்சு. ஒண்ணையும் நிறுத்துனா அரைச்ச இலை பூராத்தையும் வாரிக் குப்பையிலதான் கொட்டோணும். என்ன காரணம்?"

அந்த நேரத்தில் அக்கா சும்மா இருந்திருந்தால் என் தலைதான் உருண்டிருக்கும். லீவு நாளில் இரண்டு தகடுகளையும் மாற்றி ஒட்டிவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆறு மாதம் முடிய இன்னும் இரண்டே வாரம். ஆனால் ஒன்றாம் டிரையருக்கு இலை தள்ளுகிறவர் அந்த பேனிலிருந்து ஒரு கை தூரத்தில்தான் ஷிப்ட் முழுக்க நிற்பார். காரணம் சொல்லாமல் அதை நிறுத்த வைக்க முடியாது.

"பூஜையப்ப தகட்டை ஒட்டுனது நாந்தானுங்க. ஒண்ணோடதை ரெண்டுலயும், ரெண்டோடதை ஒண்ணுலயும் மாத்தி ஒட்டிப்புட்டனுங்க. சார் சொன்னது நெசமுங்க. கெட்டுப்போனது இந்த ஒண்ணுங்க."

நிறுத்தினார்கள். பேக்டரியே ஓய்ந்தது. பிட்டர் பிரித்தார். பேரிங்கின் வளையம் பெயர்ந்து, குண்டுகள் கையோடு உதிர்ந்தன. தண்டு சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. இன்னொரு ஷிப்ட் தாங்கியிருக்காது என்று பிட்டரே சொன்னார். இலை தள்ளுகிறவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

தொரை அக்காவிடம் திரும்பினார். "அளவு எடுக்கறப்ப பெட்டியில மெஷின் பேர் வருமே. இத்தனை வாரமா நீ பாக்கலையா?"

"பாக்கலைங்க தொரை."

அவ்வளவுதான் சொன்னார். பேர் வருவதை ஆரம்பத்தில் அவர் ஒவ்வொரு தடவையும் உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டுதான் இருந்தார். அதைக் கிண்டல் செய்து, "அதெல்லாம் நீங்க பாக்கவே வேண்டாங்க்கா, தகட்டுக்கே தெரியும்" என்று நிறுத்தியவன் நான். அவர் என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. நானும் என் பையின் ஜிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நாளையிலிருந்து மாடிக்குப் போ என்றார் தொரை. சரிங்க என்று பெட்டியை மேசை மேல் வைத்துவிட்டு, நாளைவரை காத்திருக்காமல் அப்போதே படியேறிப் போனார்.

நான் பஸ் ஏறிவிட்டேன். இதைச் சொல்லிக்கொள்ள இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது. இரண்டு கொண்டை ஊசி வளைவுவரை மனசு என்னென்னவோ நியாயம் பேசியது. மூன்றாவது வளைவில் இறங்கி, தேயிலைக் காட்டுக் குறுக்குப் பாதையில் மூச்சிரைக்க ஏறினேன். தொரையும் டீமேக்கரும் ஆபீஸில் இருந்தார்கள். சொன்னேன். "இதை அங்கயே சொல்றதுக்கு என்ன?" என்று தொரை கேட்டார். பிறகு, நாளைக்கு அளவு எடுக்க யார் போவது என்று டீமேக்கரைக் கேட்டார். தரை நிறைய இலையைப் பறிகொடுத்த மனுஷன் அவர். "அந்தம்மாவே போகட்டுங்க தொரை" என்றார்.

இப்போது அந்த எஸ்டேட்டின் மூன்று பேக்டரிகளுக்கும் அவர்தான் அளவு பார்க்கிறார். அவருக்குக் கீழே இரண்டு பேர். நான் கம்பெனி மாறிவிட்டேன். புதிதாக யாருக்குப் பெட்டியைக் கொடுத்தாலும், பெயரை வாய்விட்டுப் படியுங்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன். பெட்டிகளும் இப்போது எவ்வளவோ கெட்டிக்காரத்தனமாக வந்துவிட்டன. தம்பட்டம் அடிக்கத்தான் எனக்கு வாய் வரவில்லை.

அன்று செய்தியைச் சொல்ல நானே மாடிக்குப் போனேன். அவர் இலையை அள்ளி உதறிக்கொண்டிருந்தார், வலிக்கிற தோளைச் சாய்த்தபடி. வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்றேன். கண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டார். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பாக்க வேண்டாம்னு நான்தானே சொன்னேன். தொரை கேட்டப்ப ஏங்க்கா அதைச் சொல்லலை?"

அவருக்கு அந்தக் கேள்வியே விளங்காதது மாதிரி என்னைப் பார்த்தார்.

"மாத்தி ஒட்டுனது என்ற தப்புங்க, அதை நான் சொன்னேன். அது உங்க தப்புங்களே சார். அதை நான் எப்படிங்க சொல்றது?"