மூன்றாவது மேசைக்கு அப்பால்

அக்கா செய்த பற்கள் இன்னும் பலருடைய வாயில் இருக்கின்றன. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவர்கள் அந்தப் பற்களால் சாப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அவளைத் தெரியாது. மருத்துவர் அளவெடுத்து அனுப்புவார், அக்கா தன் சின்னப் பட்டறையில் மெழுகில் வடித்து, அச்சில் வார்த்து, தேய்த்துத் திருப்பி அனுப்புவாள். முன்பல் ஒன்றை வேண்டுமென்றே கொஞ்சம் சாய்த்து வைப்பாள். "முத்துப் பல் வரிசையா இருந்தா பக்கத்து வீட்டுக்காரி கண்டுபிடிச்சிடுவா" என்பாள்.

சாயங்காலங்களில் அவள் கிதார்காரி. ஒரு ஹோட்டலின் தேநீர் அறையில் மூன்று பேராக வாசித்தார்கள். கிளாரினெட் ஒருவர், ஆளுயர வயலின்போல இருக்கும், நின்றுகொண்டு வாசிக்கும் பாஸ் ஒருவர், அக்கா. பாஸ்காரர் தன் வாத்தியத்தைவிடக் குள்ளம் என்பதால் அவருக்கு 'ஏணி' என்று பெயர் வைத்தாள். அவர் அவளைப் 'பல்லு டாக்டர்' என்றார். அவளுக்கு முன்னால் வாசித்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். "அவர் கம்பி நீட்டினதாலதான் நீங்க கம்பி மீட்டுறீங்க" என்று புதிதாக யார் வந்தாலும் அவர்கள் முன்னால் ஏணி அக்காவிடம் சொல்வார். சிரிக்காவிட்டால் மறுபடியும் சொல்வார்.

அவளுடைய கிதார் ஆர்ச்டாப் வகை. சாதாரணக் கிதாரின் முகம் தட்டையாக இருக்கும். இதன் முகம் வயலினுடையதைப் போல மேடாகக் கடையப்பட்டது. நடுவில் வட்டத் துளை கிடையாது, இருபுறமும் வளைந்த இரண்டு துளைகள். அதில் வெண்கலம் சுற்றிய கம்பிகளைத்தான் போடுவாள். காலையில் பட்டறைக்குப் போகுமுன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கிதாரின் தோள்மேல் காதைச் சாய்த்து வாசிப்பாள். அந்த நேரத்தில் அவளிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கு மட்டும் தெரியாது.

ஹோட்டல்காரர்கள் தேநீர் அறையை மூடிவிட்டு இவர்களைப் பெரிய சாப்பாட்டுக் கூடத்துக்கு மாற்றினார்கள். உயரமான கூரை, நாற்காலிகளை இழுக்கும் சத்தம், தட்டுச் சத்தம், கூடத்தின் கடைசியில் சமையலறைக் கதவு அடித்துக்கொண்டே இருக்கும். முதல் நாள் முடிந்ததும் மேலாளர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை.

"கிளாரினெட் கேக்குது, பாஸ் தரையிலேயே அதிருது. நீங்க வாசிக்கிறத மட்டும் பாக்கத்தான் முடியுது" என்றார். "அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பாப்போங்க. அப்புறம் ஒரு கீபோர்டுக்காரர்கிட்ட பேசி வெச்சிருக்கேன்."

பட்டறையை விட்டால் அவளுக்கு இருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான்.

முதலில் மைக் வைத்துப் பார்த்தார்கள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியதும் கிதாரின் வயிறு அதை வாங்கித் திருப்பி அனுப்பி, கூடம் முழுக்க ஊளை. மறுநாள் கிதார் ரிப்பேர்க் கடைக்குப் போனோம். பிக்கப் வைக்க வேண்டும் என்றார் கடைக்காரர். கம்பியின் அதிர்வை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் சின்னக் கட்டை அது. "மேல ஒரு சதுரம் வெட்டி உள்ள பதிச்சிட்டா தொல்லை விட்டுச்சு."

"நல்ல பல்லுல ஓட்டை போடச் சொல்றீங்க" என்றாள் அக்கா.

வெட்டாமல் ஒட்டுகிற வகையில் ஒன்று கொடுத்தார், பொத்தான் அளவு. அதைப் பட்டறை மெழுகை வைத்துக் கிதாரின் முகத்தில் ஒட்டினாள். எல்லாம் கேட்டது. சட்டைக் கை உரசியது கேட்டது, விரல் நகர்ந்தது கேட்டது, நாதம் மட்டும் தகரம்போல இருந்தது.

"கிதாருக்கே பல்செட் கட்டிட்டீங்க போல, கடிக்குது" என்றார் ஏணி.

"கடிக்கல. பல்லிளிக்குது" என்று அக்கா அதைப் பிடுங்கி எடுத்தாள்.

அன்றைக்கு அம்மா கேட்டாள், "ஏண்டி, பிக்கப் பிக்கப்புங்கிறீங்களே, யாரு வந்து கூட்டிட்டுப் போறாங்க?"

"யாரும் வரலம்மா. நானாத்தான் போயிட்டு வரேன்."

அடுத்தது காந்தப் பிக்கப். கிதாரின் முகத்தைத் தொடாமல், விரலை ஊன்றிக்கொள்ள ஓரத்தில் இருக்கும் தகட்டிலிருந்து கம்பிகளுக்கு அடியில் தொங்கும். வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. அக்காவின் முகம் தெளிந்தது. ஆனால் மாட்டி வாசித்ததும் வெறும் எஃகான மெல்லிய இரண்டு கம்பிகள் கத்தின, வெண்கலம் சுற்றிய மற்ற நான்கும் முணுமுணுத்தன. கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "வெண்கலம் இருக்கிறதே காந்தத்துக்குத் தெரியாதும்மா. உள்ள இருக்குற எஃகு மட்டும்தான் தெரியும். நிக்கல் சுத்தின கம்பி போடுங்க, ஆறும் ஒண்ணா பேசும்."

கம்பி வாங்கினாள். மாட்டவில்லை.

வியாழக்கிழமை காலை, காலியான கூடத்தில் ஏணியும் நாங்களும் இருந்தோம். நிக்கல் கம்பி உறை பிரிக்காமல் மேசைமேல் கிடந்தது.

"மாட்டித்தான் பாரேன்" என்றேன்.

"மாட்டினா இங்க மட்டுமா மாறும்? வீட்லயும் மாறிடும். பெருக்கி இல்லாம வாசிச்சா நிக்கல் மங்கிப் போயிடும்டி. என் சத்தமே போயிடும்."

"இன்னொரு கிதார் வாங்குங்க" என்றார் ஏணி.

"நீங்க இன்னொரு பாஸ் வாங்கி, அதுக்கு மேல ஏறி நின்னு வாசிங்க."

எனக்கு எரிச்சலாக இருந்தது. வாரம் முழுக்கக் கடைசி மேசையில் உட்கார்ந்து எனக்கே காது வலித்தது. "உன் சத்தம் உன் சத்தம்னு சொல்றியே, அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதுக்கா. நான் எப்பவும் எதிர்ப்பக்கம்தான உக்காந்திருக்கேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு கிதாரை ஏணியிடம் நீட்டினாள். "பெருக்கி வேணாம். சும்மா ஏதாவது கொஞ்சம் வாசிங்க." நாற்காலியை விட்டு எழுந்து நடக்க ஆரம்பித்தாள். ஏணி சுமாராகத்தான் வாசிப்பார். முதல் மேசை, இரண்டாவது மேசை. மூன்றாவது மேசையருகே நின்றாள், ஒரு அடி பின்னால் வந்தாள், மறுபடி முன்னால் போனாள். அதற்கப்பால் நாதம் இல்லை, கம்பியை மீட்டும் பிளாஸ்டிக் சில்லு உரசும் டிக் டிக் மட்டும்தான். சமையலறைக் கதவுவரை போய் அங்கே சுவரில் சாய்ந்து வெகுநேரம் நின்றாள்.

திரும்பி வந்தபோது குரல் சாதாரணமாக இருந்தது. "பல்செட் போட்டவங்களுக்கு நாக்குதான் கண்ணு. உள்ள தடவிப் பாத்துட்டு நல்லா இருக்கு, நல்லா இல்லம்பாங்க. முகத்தக் கண்ணாடியில பாருங்கன்னு எத்தனை பேருக்குச் சொல்லியனுப்பியிருப்பேன்." ஏணியிடமிருந்து கிதாரை வாங்கினாள். "இத்தனை வருஷமா நாக்கு சொன்னதையே கேட்டுட்டு இருந்திருக்கேன்."

பிறகு என்னைக் கூப்பிட்டாள். "வா, உக்காரு."

எனக்கு வாசிக்கத் தெரியாது. அவள் நாற்காலியில் உட்காரவைத்து, கிதாரை என் மடியில் வைத்து, என் தலையைப் பிடித்து அதன் தோள்மேல் சாய்த்தாள். பின்னால் நின்று இடது கையால் கம்பிகளை அழுத்தினாள். "மெதுவா தடவு" என்றாள். தடவினேன்.

அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கேட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. தாடை எலும்பில் ஏறியது, நெஞ்சுக்கூட்டில் இறங்கியது. கீழ்க்கம்பியின் நாதம் நின்ற பிறகும் மரம் அதை விடாமல் வைத்திருந்தது. இத்தனை காலம் எதிரில் உட்கார்ந்து நான் கேட்டது வேறு ஏதோ. அக்கா விரல்களை மாற்றினாள், நான் தடவினேன், மறுபடி மாற்றினாள். ஏணி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுதா?" என்றாள்.

தலையாட்டினேன். கிதாரின் தோளில் காது வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் நாங்கள் இருவர்தான். இப்போது நான் ஒருத்தி.

கிதாரை எடுத்து மடியில் படுக்கப்போட்டு முறுக்காணிகளைத் தளர்த்த ஆரம்பித்தாள். வெண்கலக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "வேணாம்க்கா, இன்னொரு நாள் யோசி" என்றேன். என் மனம் கேட்கவில்லை. சற்று முன் எரிந்து விழுந்தவளும் நான்தான்.

"யோசிச்சாச்சு. அது நல்லா இருந்துச்சு, நான் ஒருத்தி கேட்டேன். இங்க சாப்பிட வர்றவங்க என்ன பாவம் பண்ணினாங்க?" நிக்கல் கம்பியின் உறையைப் பல்லால் கிழித்தாள்.

சனிக்கிழமை சமையலறைக் கதவை ஒட்டிய மேசையில் உட்கார்ந்தேன். சின்ன ஒலிபெருக்கியைத் தன் பக்கத்தில் நாற்காலி உயரத்துக்கு வைத்திருந்தாள், கையிலிருந்தே வருவதுபோல இருக்கட்டும் என்று. ஆரம்பித்தார்கள். கதவு அடித்தது, தட்டுகள் மோதின, அவற்றுக்கு நடுவே கிதார் வந்தது. ஆறு கம்பியும் வந்தன. மின்சாரத்தின் பளபளப்பு இல்லை, மரம் இருந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, ஒலிபெருக்கி இருப்பதையே பலர் கவனிக்கவில்லை.

முதல் பாட்டு முழுக்க அக்கா காதைக் கிதாரில் சாய்த்தபடியே இருந்தாள். அங்கே எதையோ தேடினாள், அது அங்கே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் தலையை நிமிர்த்தினாள். தூரத்து மேசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதுபோல. மேலாளர் ஒரு தூணருகே நின்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். கீபோர்டுக்காரரைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

முடிந்ததும் கிளாரினெட்காரர் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டே முகத்தைச் சுளித்தார். "ஏங்க, கொஞ்சம் கொறைச்சு வெக்கக் கூடாதா? என் சத்தம் எனக்கே கேக்கல."

அக்கா அவரைப் பார்த்துப் பணிவாக, "பாக்குறேங்க" என்றாள். வெளியே வந்து தெருமுனை திரும்பியதும் சிரிக்க ஆரம்பித்தவள் வீடுவரை நிறுத்தவில்லை. கிதார் உறை முதுகில் ஆடிக்கொண்டே வந்தது. கதவைத் திறந்த அம்மாவிடம் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அம்மா, என்னைக் கொறைக்கச் சொல்லிட்டாங்க."

"ஐயையோ, சம்பளத்தையா?"

"சத்தத்தைம்மா."