மைதீன் தலை மட்டும் வரவில்லை

போன வாரம் ஆபீசில் ஒரு மசாலா பாக்கெட் டிசைனை முடித்துப் படமாக எக்ஸ்போர்ட் செய்தேன். திரையில் இருந்த மிளகாய், வந்த படத்தில் இல்லை. பக்கத்து சீட் பெண் எட்டிப் பார்த்து, "சாஃப்ட்வேர் கோளாறா சார்?" என்றாள். மிளகாயை வைத்திருந்த அடுக்குக்கு, அதாவது லேயருக்கு, நேரே இருக்கும் குட்டி பிரிண்டர் படம் அணைந்திருந்தது. அது அணைந்தால் பொருள் திரையில் தெரியும், எக்ஸ்போர்ட்டில் வராது. ஒரு கிளிக்கில் சரியாகிவிட்டது. ஆனாலும் அந்த ஏசியில் எனக்குக் கழுத்து வியர்த்தது.

சங்கரன்கோவிலில் ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்த்தபோதும் இப்படித்தான் வியர்த்தது. கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு சின்ன அறை, செருப்பை வெளியே விட வேண்டும். என் நாற்காலி சுவர் மூலையில். பேனர் அடிக்க வருகிறவர்கள் கூட்டமாக உள்ளே வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டால், அவர்கள் எழுந்தால்தான் நான் எழ முடியும். மை வாசனையும் அவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்த பிரியாணி வாசனையும் சேர்ந்து தலையைக் கிறுகிறுக்க வைக்கும். கல்யாண பேனர் என்றால் கீழே வரிசையாக நண்பர்கள் தலை, வட்டம் வட்டமாக. ஒவ்வொருவனுக்கும் தன் தலை அடுத்தவன் தலையைவிடச் சின்னதாகத் தெரியும்.

சங்கர் என்று ஒரு மாப்பிள்ளை. பேனரை முடித்து வைத்திருந்தேன். மத்தியானம் போன் செய்தான். "அண்ணாச்சி, மைதீன் தலய எடுத்துருங்க. கல்யாணத்துக்கு நிக்க மாட்டேங்கான், துபாய் போறானாம். பேனர்ல மட்டும் எதுக்கு?"

கடையநல்லூர் மைதீன் அவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டு. கோபம் தணிந்தால் மறுபடி வைக்கச் சொல்வான், பதினோரு தலையையும் திரும்ப நகர்த்த வேண்டும். எனக்குச் சோம்பல். அழிக்காமல், அந்த ஒரு தலையைத் தனி அடுக்கில் போட்டு, அதன் பிரிண்டர் படத்தை மட்டும் அணைத்து வைத்தேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக ஒரு நினைப்பு வேறு.

சாயங்காலம் நண்பர்கள் ஐந்து பேர் வந்தார்கள், நடுவில் மைதீன். சங்கர் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றான். திரையைப் பார்த்த மைதீனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நடுவுல வச்சிருக்கீங்களே அண்ணாச்சி. நாளைக்கு ஃப்ளைட். பேனர் கட்டும்போது நான் இருக்க மாட்டேன். இப்பமே போனுக்கு அனுப்பிருங்க, அங்கன போய்க் காட்டணும்."

எடுக்கச் சொன்னவன் கதவருகில் நிற்கிறான், நான் வசமாக மாட்டிக்கொண்டேன். எக்ஸ்போர்ட் செய்து அனுப்பினேன். போனில் பார்த்தால் நடுவில் வெறும் இடம்.

"என் மூஞ்சியப் பாத்து சிஸ்டமே பயப்படுது" என்று சிரித்தான் மைதீன். ஒருவன் சிஸ்டத்தை அணைத்துப் போடச் சொன்னான், போட்டேன். இன்னொருவன் வேறு ஃபார்மேட்டில் எடுக்கச் சொன்னான், எடுத்தேன். காரணம் தெரிந்துகொண்டே அரை மணி நேரம் தெரியாத மாதிரி தேடினேன். மூலையிலிருந்து எழுந்து போகவும் வழியில்லை.

"போட்டோ சரியில்லயோ என்னவோ, இதப் போடுங்க" என்று மைதீன் வேறொன்று அனுப்பினான். அதில் அவனும் சங்கரும் தோளில் கை போட்டு நின்றார்கள். சங்கர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சங்கரை வெட்டி நீக்கிவிட்டு மைதீனை மட்டும் அதே அடுக்கில் வைத்தேன். அதுவும் வரவில்லை.

மைதீன் சிரிப்பதை நிறுத்தினான். "வரலன்னா விட்ருங்க அண்ணாச்சி. எப்படியும் நான் இருக்கப் போறதில்லல்லா" என்று எழுந்தான்.

"ஏலே, உக்காரு" என்றான் சங்கர். என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி, நல்லாப் பாத்து வைங்க. அவன் இல்லாம எனக்குப் பேனர் வேண்டாம்."

பிரிண்டர் படத்தைத் தட்டிவிட்டு மறுபடி அனுப்பினேன். மைதீன் வந்துவிட்டான்.

"இப்பம் மட்டும் எப்படி வந்துது?" என்றான் மைதீன்.

"பழைய சிஸ்டம் தம்பி" என்றேன். சங்கர் செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே போய்விட்டான்.

இப்போது அந்தக் கடையில் செல்போன் கவர் விற்கிறார்கள். வாழ்த்துப் படமெல்லாம் அவரவர் போனிலேயே செய்துகொள்கிறார்கள். சங்கருக்கு இன்றைக்கு அந்தக் கோபம் வந்தால், வீட்டில் படுத்தபடியே மைதீன் தலையை எடுத்துவிட்டு எல்லோருக்கும் அனுப்பிவிடலாம். அவன் கண்ணெதிரே ஒரு நாற்காலியில் மைதீன் உட்கார்ந்திருக்க மாட்டான்.