நாலாவது தோள்

போன சனிக்கிழமை ஓர்லிகோனில் நம்மவர் கடையொன்றுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனேன். காசு மேசையில் சிவப்புக் காம்பு வைத்த வியட்நாம் ஊதுவத்திக் கட்டு ஒன்று கிடந்தது. எடுத்து முகர்ந்ததுதான் தாமதம், பல வருடங்களுக்கு முன் வேலை செய்த லாங்கன்தாலுக்கு மனதால் போய்விட்டேன். கறிவேப்பிலை இல்லாமல் வீடு திரும்பி வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை.

லாங்கன்தால் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெஷினில் நின்றவன் பெயர் தாம். வியட்நாம்காரன், கத்தோலிக்கன். இருவருடைய ஜெர்மனும் உடைசல். அதனால் ஒருவரை ஒருவர் நன்றாகவே விளங்கிக்கொண்டோம். ஒரு ஞாயிறு மத்தியானம் தங்கள் மாதா ஊர்வலத்துக்கு என்னையும் மனைவியையும் கூப்பிட்டான்.

நான் அதுவரை கண்ட மாதாக்கள் நீல முக்காடு போட்டவர்கள். இவரோ மஞ்சள் பட்டில் நீண்ட வியட்நாம் சட்டையும் தலையில் வட்டப் பாகையுமாக, தாமின் சித்தி மாதிரி நின்றார். கைக்குழந்தை யேசுவுக்கும் ஒரு குட்டிப் பாகை! மேளம், வெண்கலத் தட்டு, சிவப்புக் காம்பு ஊதுவத்திப் புகை, தாமரைப் பூ ஏந்திய சிறுமிகள். சொக்கிப்போனேன். சாமிக்குத் தங்கள் உடுப்பையே உடுத்தி அழகு பார்க்கிற சனத்தை எனக்குப் பிடிக்காமல் போகுமா?

அந்தப் பட்டைத் தைத்தவர் தாமின் அம்மா. தைத்து முடித்த கையோடு விழுந்து இடுப்பு முறிந்து, கீழ்த்தெரு முதியோர் இல்லத்தில் இருந்தார். மாதா அதை உடுத்தியதை அவர் இன்னும் காணவில்லை. ஊர்வலம் அவருடைய யன்னலடியால் போவதாக ஏற்பாடு. பார்த்தால், பல்லக்குத் தூக்கும் நால்வரில் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மிச்ச ஆண்களெல்லாம் தளர்ந்த கிழவர்கள்.

"நீ வாறியோ? ஆள் இல்லாட்டி மாதா வெளியில வரமாட்டா" என்றான் தாம்.

மனைவி என் காதைக் கடித்தாள். "இஞ்சருங்கோ, மத்தியானம் கோழியெல்லோ சாப்பிட்டனீங்கள்!"

கோழி தின்றுவிட்டுச் சாமியைத் தோளில் காவுவதா? என் முகம் சுருங்கியதும் தாமின் முகமும் சுருங்கியது. வேற்றுச் சமயம் என்று தயங்குகிறேனென நினைத்திருப்பான். காரணத்தைச் சொன்னேன்.

"நானும் கோழிதான் சாப்பிட்டனான்" என்றான்.

அது என் மனதுக்குக் காணாது. தேவாலய வாசலுக்கு வெளியே தெருக் குழாயோடு தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. முகம், கை, கால் கழுவினேன். குளிரில் உயிர் போய் வந்தது. பிறகு ஊர்க் கோயில் பழக்கத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு, வெறும் மேலுடன் பல்லக்கடியில் பக்தியோடு நின்றேன். சிறுமிகள் கொல்லென்று சிரித்தார்கள். குருவானவர் வானத்தைப் பார்த்தார். தாம் மட்டும் சிரிக்கவில்லை. பல்லக்குத் தூக்குபவர்கள் போடும் நீலச் சட்டையை முதுகு பிடித்தவரிடம் வாங்கி எனக்கு மாட்டிவிட்டான். வயிற்றடியில் பொத்தான் பூட்டவே முடியவில்லை.

யன்னலடியில் பல்லக்கை நிறுத்தினோம். தாமின் அம்மா கும்பிடவில்லை. பட்டைத்தான் மேலும் கீழும் பார்த்தார். ஏதோ சொன்னார்.

"கை கொஞ்சம் நீளமாம்" என்றான் தாம்.

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. தோள் நோவென்று சமாளித்தேன்.

அந்த அம்மா இப்போது இல்லை. ஊர்வலம் இன்றும் குறைவில்லாமல் நடக்கிறது. ஒவ்வொரு வருடமும் போகிறேன். மாதா இப்போது சில்லுப் பூட்டிய வண்டியில் வருகிறார். தாமின் மகள் தனி ஆளாக ஆடாமல் அசையாமல் தள்ளிக்கொண்டு போகிறாள். நல்ல வண்டிதான். ஆள் போதாது, வா என்று என்னை யாரும் கூப்பிடுவதில்லை.