கீரைக்கட்டு வாங்கிய கை

எனக்கு அருவருப்பு அதிகம். இந்த வயதில் அதை ஒளிக்க இஷ்டமில்லை. அடுத்தவர் வாய் வைத்த செம்பில் தண்ணீர் குடிக்க மாட்டேன். பிறர் தலை வைத்த தலையணை என்றால் வெறுந்தரையில் படுத்துக்கொள்வேன். அப்பா அம்பத்தூரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். வேலை முடிந்து வந்ததும், வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே சிவப்பு கார்பாலிக் சோப்பு போட்டு முழங்கைவரை கழுவுவார். சுத்தம் என்றால் எனக்கு இன்றைக்கும் அந்த வாசனைதான். கல்யாணமாகி நூம்பலுக்குப் போனபோது பெட்டியில் புடவைகளுக்கு நடுவே நாலு கட்டி சோப்பு வைத்து அனுப்பினார். மாமியார் அதை மூக்கருகே கொண்டுபோய், "இன்னாடி இது, ஆஸ்பத்திரி நாத்தம் நாறுது" என்றார்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் கடவுள் பார்த்துப் பார்த்து இரட்டைப் பிள்ளை கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் இரட்டைப் பிள்ளை பெற்றவள் கைக்கு ஒரு பேர் உண்டு. அவள் எண்ணெய் தொட்டு வழித்துவிட்டால் எந்தச் சுளுக்கும் போய்விடும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அது வேறு யாருக்கோ நடப்பது என்று இருந்துவிட்டேன். பிள்ளைகளுக்கு முப்பது நாள் ஆனது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வெளியே வருகிறேன், வாசலில் ஒரு ஆள் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். மாமியார் கிண்ணத்தில் எண்ணெயோடு நிற்கிறார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"போடி, வழிச்சி உடு. மொத மொத வந்துகீறாரு, மொகத்த சுளிக்காத."

அந்தக் கழுத்தை நான் மறக்கவே இல்லை. கிணற்றில் ஏற்றம் இறைக்கிற ஏற்றக்காரர். வருஷக்கணக்கான வியர்வை மடிப்பு மடிப்பாகக் கருத்துப்போயிருந்தது. எண்ணெயைத் தொட்டு விரலை வைத்து இழுத்ததும் அழுக்கு உருண்டு உருண்டு என் விரலுக்கு அடியில் திரண்டு வந்தது. அவரோ கண்ணை மூடிக்கொண்டு ஒரு நீளமான ஏப்பம் விட்டார். பழைய சோறும் வெங்காயமும் கலந்த ஏப்பம். மாமியார் மலர்ந்துபோய், "பாத்தியா, வாயு வெளிய வருது" என்றார். நான் கொல்லைக்கு ஓடிப் போய் வாந்தி எடுத்தேன்.

மூன்று நாள் காலையில், வெறும் வயிற்றில், கிழக்கே பார்த்து உட்கார வேண்டும். வெதுவெதுப்பான நல்லெண்ணெய். மேலிருந்து கீழாக மட்டுமே வழிக்க வேண்டும், திருப்பி ஏற்றக் கூடாது. முடிந்ததும் கையைத் தரையில் உதறிவிட வேண்டும். முதல் நாள் வலி கூடின மாதிரி இருக்கும். இரண்டாம் நாள் அசதி வந்து ஆள் தூங்கி வழிவார். மூன்றாம் நாள் கழுத்து திரும்பும். பெரும்பாலும் திரும்பியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏன் திரும்பியது என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. திருமழிசையில் இன்னொருத்தி இருந்தாள், அவளும் இரட்டை பெற்றவள். அவள் வழித்தால் ஆம்பிளைகள் ஊளையிடுவார்களாம். கட்டை விரலை எலும்புவரை அழுத்துவாள். எனக்கு அழுத்த மனசு வராது. அந்தத் தோலைத் தொடுவதே பெரிய காரியம். பட்டும் படாமலும் விரலை இறக்குவேன். அப்படி இறக்கும்போது தோலுக்குக் கீழே எங்கே இறுகியிருக்கிறது, எங்கே இளகுகிறது என்று விரலுக்குத் தெரிய ஆரம்பித்தது. வேப்பங்கொட்டை மாதிரி ஒரு முடிச்சு இருக்கும். அதன் மேல் மெதுவாகப் போய்ப் போய் வந்தால் மூன்றாம் நாள் கரைந்திருக்கும். "பூ மாதிரி கை" என்று ஊர் சொன்னது. அது பூவும் இல்லை, புண்ணியமும் இல்லை. வெறும் அருவருப்பு.

பேர் பரவிவிட்டது. வேலப்பன்சாவடியிலிருந்து வந்தார்கள், குத்தம்பாக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பித்தவெடிப்புக் கால், சாணி காய்ந்த கணுக்கால், படர்தாமரை பூத்த இடுப்பு. ஒருவர் வெற்றிலை எச்சிலை வாயில் வைத்துக்கொண்டே வலியைச் சொல்வார், அது என் கைமேல் தெறிக்கும். எல்லாருக்கும் செய்ய வேண்டும், யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது மாமியாரின் கட்டளை. அந்த எல்லாரில் சேரி ஜனங்கள் சேர்த்தி இல்லை. அவர்கள் வந்தால் வரப்போரமே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார். நான் அதை ஏன் என்று கேட்டதில்லை. நாலு கழுத்து குறைந்தது என்று நினைத்தேன். அதை எழுத இப்போது கூசுகிறது.

யுத்தம் வந்தது. ஆவடிப் பக்கம் போகும் பட்டாள லாரிகள் பூந்தமல்லி ரோட்டில் புழுதி கிளப்பின. சோப்பு கிடைப்பது அபூர்வமாயிற்று. அப்பா அனுப்பியதில் கடைசிக் கட்டி நகத்தளவு தேய்ந்து நின்றபோதுதான் சின்னவன் விரலிடுக்கில் சிரங்கு வந்தது. ஒரு வாரத்தில் பெரியவனுக்கும். பிறகு தொடை, வயிறு, முகம். சீழ் வைத்து, துணி ஒட்டி, பிய்த்தெடுக்கும்போது இரண்டும் வீல் என்று கத்தும். எனக்குத் தெரியும், அது எங்கேயிருந்து வந்தது என்று. காலையில் கண்டவன் இடுப்பை வழித்த கையால்தான் நான் அவர்களுக்குச் சோறு ஊட்டினேன். அப்பாவுக்கு ஆள் அனுப்பிக் கேட்டேன். களிம்பு ஒரு டப்பா வந்தது. "களிம்பு போட்டு என்ன, கை சுத்தமாகாதவரை போகாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மாமியாரிடம் போனேன்.

"அத்தே, கொஞ்ச நாளைக்கு வழிக்கிறதை நிறுத்திக்கிறேன். பிள்ளைங்களுக்கு ஆகலை."

"வாய அலம்பு! வந்தவங்கள இல்லன்னு அனுப்பினா அந்தப் பாவம் புள்ளைங்க மேலதான் எறங்கும். சிரங்கு எந்தப் புள்ளைக்கு வரல?"

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அம்மா சொல்றத கேட்டுக்கினு போ" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த வீட்டில் என்மேல் எனக்கே வெறுப்பு வந்த நாள் அது. என் பிள்ளைகளைத் தொட எனக்கே பயமாக இருந்தது.

ஒரே ஒரு வழி இருந்தது. வழித்துவிடுகிறவள் கைநீட்டி எதையும் வாங்கக் கூடாது. ஒரு வெற்றிலை, ஒரு வாழைப்பழம், எதுவானாலும் சரி, வாங்கினால் கை செத்துவிடும், அப்புறம் அவள் வழித்தாலும் பலிக்காது. ஊர் முழுக்க அதை நம்பியது. என் மாமியார் எல்லாரையும்விட அதிகமாக நம்பினார். வருகிறவர்கள் நன்றியோடு கொண்டுவரும் பூசணியையும் பரங்கியையும் வாசலோடு திருப்பி அனுப்பக் காவல் மாதிரி நிற்பார்.

என்னிடம் வருகிறவர்களில் ஒருத்தியை மட்டும் எனக்குப் பிடிக்கும். கீரைக்காரி. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவள், புருஷன் இல்லை. விடியற்காலையில் ஏரியில் கூடையை அலசி, கீரையை அடுக்கித் தலைக்கேற்றினால் பூந்தமல்லி சந்தைவரை இறக்க மாட்டாள். வருஷத்துக்கு இரண்டு தரம் கழுத்து பிடித்துக்கொள்ளும். அவள் ஒருத்திதான் என்னிடம் வருவதற்கு முன் கழுத்தைக் கழுவிக்கொண்டு வருவாள். ஈரக் கீரையும் மண்ணும் கலந்த வாசனை வரும். அவள் கழுத்தை வழிக்கும்போது மட்டும் நான் மூச்சை அடக்க வேண்டியிருக்காது. அப்படிப்பட்டவளைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன்.

மூன்றாம் நாள். மாமியார் களத்துக்குப் போயிருந்தார். வழித்து முடித்துக் கையை உதறினேன். அவள் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா, ஒரு கட்டு சிறுகீரை குடுத்துட்டுப் போ" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "வாணாம் கண்ணு. உனுக்குத் தெரியாததா? கை இன்னாத்துக்கு ஆவும்?"

"தெரிஞ்சுதான் கேக்கறேன். குடு."

உள்ளே சின்னவன் அழுதுகொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். கூடையிலிருந்து நல்ல கட்டாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வேர் மண்ணை அவளே கிள்ளிப் போட்டுவிட்டுக் கொடுத்தாள்.

ஆய்ந்து, கடைந்து, சோற்றில் பிசைந்து முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மாமியார் வந்து சட்டியைப் பார்த்தார். கீரை ஏது என்று கேட்டார். கீரைக்காரி கொடுத்தாள் என்று சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு அவர் போட்ட கூச்சலில் தெருவே திரண்டுவிட்டது. கீரைக்காரியைக் கூட்டிவர ஆள் போயிற்று. நான் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன்: ஆமாம், கேட்டு வாங்கினேன், இனி என்னிடம் யாரும் வராதீர்கள். வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அது ஒண்ணும் கேக்கல. நான்தான் நோவு போன சந்தோசத்துல புத்தி கெட்டுப்போயி வெச்சிட்டேன். சின்னப் பொண்ணு, இன்னா தெரியும் அதுக்கு?"

மாமியார் அவளைப் பேசிய பேச்சை எழுத முடியாது. குடியைக் கெடுக்க வந்தவள் என்றார், தாலியறுத்தவள் கைப்பொருள் வீட்டுக்குள் வந்தால் விளங்குமா என்றார். கூடியிருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். போன வாரம்கூட வந்து என் விரலில் அழுக்கை உருட்டிவிட்டுப் போன ஏற்றக்காரர் காறித் துப்பினார். நான் நடுவில் நின்றேன். நின்றேன், அவ்வளவுதான். பொய்யை அவள் சொன்னாள். அதற்குள் போய் நான் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாளிலிருந்து வாசலில் யாரும் இல்லை. கைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன், வேப்பிலைத் தண்ணீரில் ஊற வைத்தேன். ஒரு மாதத்தில் பிள்ளைகளுக்குப் புண் ஆறித் தோல் புதிதாக வந்தது. தூக்கத்தில் சொறியாமல் இருவரும் கிடப்பதைப் பார்த்து அழுதேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை, இன்றைக்கும் இல்லை.

ஆனால் எங்கள் ஊரில் அவளிடம் அதன் பிறகு யாரும் கீரை வாங்கவில்லை. கைராசி இல்லாதவள் என்று பேர் வந்து, அது அவளுக்கு முன்னாலேயே பூந்தமல்லி சந்தைக்கும் போய்விட்டது. திருமழிசைவரை கூடையைச் சுமக்கிறாள் என்று வண்ணாத்தி சொன்னாள். கழுத்து ஒடிகிற மாதிரி நடக்கிறாளாம். திருமழிசைக்காரியிடம் வழித்துக்கொள்ளப் போகவில்லையா என்று கேட்டேன். "போவ மாட்டாளாம். உன் கைய சாவடிச்சதுக்கு நோவட்டும்ன்னு சொல்லிகினு கீறா" என்றாள்.

அன்று மத்தியானமே எண்ணெய்க் கிண்ணத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அந்தத் தெருவுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. கூடையைச் சாய்த்து வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நான் ஊரைக் கூட்டி நடந்ததைச் சொல்லிடறேன்."

"சும்மா கெட. ரெட்டைப் புள்ள பெத்தவ ஏமாத்துனான்னு பேர் வந்தா உன்ன அந்த ஊட்ல உட்டு வெப்பாங்களா? புள்ளைங்க எப்டி கீதுங்க?"

"ஆறிப்போச்சு."

"அப்பறம் இன்னா."

திரும்பி உட்காரச் சொன்னேன். வேண்டாம் என்றாள், செத்த கையை ஏன் வீணாக வருத்துகிறாய் என்றாள். நான் கேட்கவில்லை. கழுத்தில் எண்ணெயை வைத்து மேலிருந்து கீழாக இறக்கினேன். அன்று அவள் கழுவியிருக்கவில்லை. வியர்வையும் புழுதியும் என் விரலில் திரண்டன. முதன்முறையாக எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை. குமட்டிக்கொண்டு வந்ததெல்லாம் என்னை நினைத்துத்தான். முடிச்சு என் கட்டை விரலுக்கு அடியில் கல்லாக இருந்தது. போய்ப் போய் வந்தேன். மறுநாளும் போனேன், அதற்கு அடுத்த நாளும் போனேன். அது எள்ளளவும் இளகவில்லை. என் விரலுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் கையை உதறினதும், நான் கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள்.

"போச்சு கண்ணு. சுத்தமா போச்சு. உன் கை சாவல."

எனக்குக் காட்டுவதற்காகக் கழுத்தைத் திருப்பினாள். அது பாதிவரைதான் வந்தது. மீதியை உடம்போடு திரும்பிச் சிரித்தாள்.