டூட்டி ரூமில் படுத்திருந்த அக்கா

எழுபதுகளில் வில்லியனூருக்கு மேற்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் ஆண் நர்ஸ். வார்டில் ஆறே கட்டில். ஏழாவதாக வருபவருக்குப் பாய்தான். நர்ஸுக்கு மட்டும் டூட்டி ரூமில் தனிக் கட்டில். அதில் நான் ஆற்றிய சேவையை என் குறட்டை ஊருக்கே சொல்லும்.

ஒரு காலை டாக்டர் வியர்க்க வியர்க்க வந்தார். “மேலதிகாரி இன்ஸ்பெக்‌ஷன் வராராம்பா. தரையில பாய் தெரியக் கூடாது. அந்தச் சுத்துக்கேணி அம்மாவுக்கு டிஸ்சார்ஜ் எழுது.”

அன்று பாயில் கிடந்தது அந்த அம்மா ஒருவர்தான். சுத்துக்கேணி கிராமத்தில் கரும்பு வெட்டப் போகிறவர். டைபாய்டு. காலையிலும் ஜுரம் நூற்றிரண்டு. நான் எழுத வேண்டியதோ, ‘குணமாகி வீடு திரும்பினார்.’

டாக்டர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நான் அவரைவிடப் பயந்தவன். “சரிங்க சார்” என்றேன். பேனாவைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். அந்த உடம்பு மாட்டு வண்டியில் குலுங்கிக்கொண்டு போவதை நினைத்தால் கை ஓடவில்லை. முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. அம்மாவைத் தாங்கிப் போய் என் கட்டிலில் படுக்கவைத்து, கதவைச் சாத்தினேன்.

அதிகாரி வார்டெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் அந்தக் கதவைத்தான் தள்ளினார்.

“யாருய்யா இது?”

“எங்க அக்கா சார். என்னைப் பாக்க வந்தாங்க.”

அக்கா நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம். என் கழுத்தில் சிலுவை.

அம்மா கண்ணைத் திறந்தார். “ஆமாங்க சாமி, தம்பிதான். வேளாவேளைக்குத் துன்னமாட்டான், அதான் பாத்துட்டுப் போலாம்னு.”

அதிகாரி என் தொப்பையைப் பார்த்தார். பிறகு அம்மாவின் நெற்றியில் கை வைத்தார். “நெருப்பா கொதிக்குது! சொந்த அக்காவை அட்மிட் பண்ணாம இன்னாய்யா நர்ஸு நீ?”

டாக்டர் விட்டத்தைப் பார்த்தார். பயத்தில் எனக்கு உண்மையே வந்துவிட்டது. “கட்டில் இல்ல சார். பாயில போட்டா நீங்க பாத்துடுவீங்கன்னு...”

அதிகாரி முறைத்தார். அப்புறம் தாங்க முடியாமல் சிரித்துவிட்டார். “இந்தக் கட்டிலைத் தூக்கி வார்டுல போடு. நீ பாயில படு.”

கட்டிலின் முதல் காலைத் தூக்கியவர் டாக்டர்.

குணமான பிறகு அம்மாவின் டிஸ்சார்ஜ் சீட்டை ஒரே மூச்சில் எழுதினேன். விஷயம் அதோடு முடியவில்லை. பொங்கலுக்கு முன்பு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்.

“டேய் தம்பி! அத்தினி பேரு எதிர்ல அக்கான்னியே, பொங்க சீரு எங்கடா?”

கரும்பு வெட்டுகிறவர் வீட்டுக்கே வருஷா வருஷம் சைக்கிளில் கரும்பு கட்டிக்கொண்டு போன முட்டாள், இந்தக் கொம்யூன் பஞ்சாயத்தில் நான் ஒருவன்தான்.