புதன்கிழமை வகுப்பு

பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்திப் பதினான்கு வருடங்கள் ஆகியிருந்தன. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. பல்கலைக்கழகத்தில் பி.எட். மாணவர்களுக்கு அறிவியலை எப்படிக் கற்பிப்பது என்று கற்பிப்பது என் வேலை. அதை நன்றாகவே செய்துவருவதாக நினைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் துறைக்கு மூன்று வருடத் திட்டம் ஒன்று வந்தது. கணிதமும் அறிவியலும் நடத்தப்போகும் ஆசிரியர்களைப் பல்கலைக்கழகமும் பள்ளியும் சேர்ந்து தயார்செய்ய வேண்டும். பயிற்சி மாணவர்களைப் பள்ளியில் இறக்கிவிட்டு, கடைசி நாளில் போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் பழக்கம் மாற வேண்டும். எனக்கு ஒதுக்கப்பட்டது திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஒவ்வொரு புதன்கிழமையும் ஆறு பயிற்சி மாணவர்களோடு துறையின் வேனில் போய் வருவது ஏற்பாடு.

முதல் புதன்கிழமை ஆசிரியர் அறையில் தேநீர் கொடுத்தார்கள். நான் திட்டத்தை விளக்கினேன். பட்டதாரி ஆசிரியர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். கணித ஆசிரியை மட்டும் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஐம்பது வயதை ஒட்டியவர், திண்டுக்கல் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வருபவர். அவருடைய அப்பா, இரண்டு அக்காக்கள் எல்லோரும் ஆசிரியர்கள் என்று பிறகு தெரிந்தது. நான் பேசி முடித்ததும் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"சார், நீங்க எந்த வகுப்புக்கு எடுக்குறீங்க?"

"பி.எட். ரெண்டாம் வருசம்."

"அது சரி. பிள்ளைகளுக்கு?"

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். என் மாணவர்கள் ஆறு பேரும் அங்கேதான் நின்றிருந்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்க. எங்களப் பாக்கத்தான வாரீங்க? மொத நீங்க ஒரு பாடம் எடுங்க, நாங்க பின்னாடி உக்காந்து பாக்குறோம். அப்புறம் நாங்க எடுக்குறத நீங்க பாருங்க. அதுதான நியாயம்?"

தலைமை ஆசிரியர் சிரித்து மழுப்பப் பார்த்தார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். வேறு எதுவும் சொல்ல வழியில்லை.

அடுத்த புதன்கிழமை ஏழாம் வகுப்புக்கு அடர்த்தி பற்றிய பாடம். ஒரு வாளித் தண்ணீர், தக்காளி, வெங்காயம், ஆணி, கொட்டாங்குச்சி எல்லாம் கொண்டுபோயிருந்தேன். பிள்ளைகள் ஆர்வமாக எட்டிப் பார்த்தார்கள். எது மிதக்கும், எது மூழ்கும் என்று கேட்டேன், போட்டுக் காட்டினேன். எல்லாம் நான் நினைத்தபடியே போனது. பாதியில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"சார், எங்க கெணத்துல விழுந்த தேங்கா அம்புட்டுக் கனம். அது மெதக்குது. இந்த ஆணி இத்துனூண்டு. இது முங்கிருச்சு. ஏன் சார்?"

"நல்ல கேள்வி. அதுதான் அடர்த்தி" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பி, நிறையைக் கன அளவால் வகுக்க வேண்டும் என்று எழுதினேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் மூன்று முறை சொன்னது. அந்தப் பெண்ணும் சொன்னாள். மணி அடித்ததும் நான் திருப்தியோடு கையைத் துடைத்துக்கொண்டேன்.

கணித ஆசிரியை கடைசி பெஞ்சில் என் மாணவர்களோடு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் வெளியே போனபின் தன் நோட்டை என்னிடம் நீட்டினார். அதில் பாராட்டோ குறையோ இல்லை. பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள்.

"நீங்க முப்பத்தியோரு கேள்வி கேட்டீங்க. இருபத்தெட்டுக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க" என்றார். குரலில் கேலி இல்லை. "நானும் இப்படித்தான் செய்வேன்னு நினைக்கிறேன். யாரும் எண்ணிப் பாத்ததில்ல."

திரும்பும்போது வேனில் அந்தக் கோடுகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். மாணவர்களைக் கேள்வி கேட்கவிடுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள் என்று பத்து வருடமாகச் சொல்லி வந்தவன் நான். அதைச் சொல்லும் என் விரிவுரைக் குறிப்பு அப்போதும் என் பையில் இருந்தது. வெட்கமாக இருந்தது. வீட்டில்கூட இதைச் சொல்லவில்லை. திட்டத்திலிருந்து விலகிக்கொள்ளலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விலகுவதற்குக் காரணம் எழுதித் தர வேண்டியிருக்கும் என்பதால் அடுத்த புதன்கிழமையும் போனேன்.

அதே பாடத்தைப் பக்கத்துப் பிரிவுக்கு எடுத்தேன். தேங்காய்க் கேள்வியை நானே கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். வகுப்பறையில் அமைதி எவ்வளவு நீளமாக இருக்கும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. ஒருவரும் பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே சத்துணவுக்கூடத்தில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. விடையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாய் வரை வந்தது. கடைசியில் ஒரு பையன் "தேங்காக்குள்ள காத்து இருக்குல்ல சார்" என்றான். இன்னொருத்தி, "காத்து மட்டும் இல்ல, அது பெருசு. கனம் பரவலா இருக்கு. ஆணில எல்லாக் கனமும் ஒரே எடத்துல இறுகிக் கெடக்கு" என்றாள். நான் சூத்திரத்தை எழுதவே இல்லை. அன்று எழுதத் தேவையிருக்கவில்லை.

அதன்பின் கணித ஆசிரியையின் முறை. அவருடைய வகுப்பில் தேர்ச்சி குறைந்ததே இல்லை என்று பள்ளியில் எல்லோரும் சொல்வார்கள். ஆறாம் வகுப்புக்குத் தசம எண்கள் நடத்தினார். பேச்சு தெளிவு, கையெழுத்து அச்சு மாதிரி. பிள்ளைகள் கணக்குகளை முடித்து நோட்டை வரிசையாக அடுக்கினார்கள். எங்களுக்கு எல்லாம் சரியாகவே பட்டது. பயிற்சி மாணவிகளில் ஒருத்தி மட்டும் பக்கத்தில் இருந்த பையனிடம், "0.25 பெருசா, 0.3 பெருசா?" என்று மெதுவாகக் கேட்டிருக்கிறாள். அவன் யோசிக்காமல் 0.25 என்றான். இருபத்தைந்து மூன்றைவிடப் பெரியதுதானே என்று காரணமும் சொன்னான். அவள் இன்னும் நான்கு பேரிடம் கேட்டாள். மூன்று பேர் அதையே சொன்னார்கள்.

வகுப்பு முடிந்ததும் அவள் இதைச் சொல்லத் தயங்கினாள். நான்தான் சொல்லச் சொன்னேன். கணித ஆசிரியை நம்பவில்லை. தானே போய்ப் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இத்தன வருசமா இத நான் பாக்கலையா?" என்றார். எங்களிடம் கேட்ட மாதிரி இல்லை. அன்று அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை.

அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டு நிலத்தில் பூ போட்டிருந்தார்கள். விடியற்காலையில் மல்லிகை பறித்துவிட்டுப் பள்ளிக்கு வருவார்கள். சந்தைத் தராசில் எண்கள் தசமத்தில்தான் ஓடும். அதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். இதைச் சொன்னது நானோ ஆசிரியையோ இல்லை, வீட்டில் பூ போட்டிருந்த இன்னொரு பயிற்சி மாணவி. அடுத்த வாரம் ஒரு பெற்றோரிடம் எலக்ட்ரானிக் தராசை இரவல் வாங்கி வந்தோம். நாலு வெங்காயத்தை வைத்தால் திரையில் 0.250 வந்தது.

"இது எம்புட்டு?" என்று ஆசிரியை கேட்டார்.

"கால் கிலோ டீச்சர்."

இன்னும் ஒரு வெங்காயம் வைத்தார். 0.300. "எது கூட?"

எல்லோரும் சிரித்தார்கள். இதைப் போய்க் கேட்கிறாரே என்ற சிரிப்பு. அவர் கரும்பலகையில் 0.25 என்றும் 0.3 என்றும் எழுதிவிட்டு ஒதுங்கி நின்றார். சிரிப்பு மெல்ல அடங்கியது. முதலில் தப்பாகச் சொன்ன பையன் தராசையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கேட்காமலே எழுந்து போய், சாக்பீஸை எடுத்து 0.3க்குப் பின்னால் ஒரு பூஜ்யம் போட்டான்.

இப்படி மூன்று வருடமும் நடந்தது. எல்லா வாரமும் இப்படி நடக்கவில்லை. பல புதன்கிழமைகள் தேர்வு, ஆய்வு, மழை என்று வீணாகின. அறிவியல் ஆசிரியர் ஒருவர் கடைசிவரை தன் வகுப்பில் எங்களை உட்காரவிடவில்லை. ஆனால் எங்கள் பயிற்சி மாணவர்கள் பாடக்குறிப்பைச் சிவப்பு மையில் அலங்கரிப்பதை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எழுதத் தொடங்கினார்கள். அது எனக்கு முக்கியமாகப் பட்டது.

மூன்றாம் வருடக் கடைசியில் நிறைவு விழா நடந்தது. பேனர் கட்டி, சான்றிதழ் கொடுத்து, சால்வை போர்த்தினார்கள். அறிக்கையை எழுதியவன் நான். அதன் ஒரு படியைக் கணித ஆசிரியை வாசித்துவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தார்.

"நீடித்த மாற்றம்னு எழுதியிருக்கீங்க. வர்ற புதன்கிழமை யாரு வாரா?"

"நான் வாரேன்" என்றேன்.

திட்டத்தோடு வேனும் நின்றுவிட்டது. பஸ்ஸில் போனேன். திட்டம் முடிந்துவிட்டதால் அது வேலை நேரமாகக் கணக்கில் வராது என்று அலுவலகம் சொன்னது. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். இரண்டு மாதத்தில் தலைமை ஆசிரியர் மாறினார். புதியவர் மரியாதையானவர். மாவட்டக் கல்வி அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் இல்லாமல் வெளியாளை வகுப்பில் விட முடியாது என்றார். அவர் சொன்னது விதிப்படி சரிதான். கடிதத்துக்கு விண்ணப்பித்தேன். அது வருவதற்குள் கோடை மாறுதல் கலந்தாய்வு வந்து, கணித ஆசிரியை கொடைரோடு பக்கத்துப் பள்ளிக்குப் போய்விட்டார். நான் போவதை நிறுத்தினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. புதன்கிழமைகள் மற்ற நாட்களைப் போல ஆகிவிட்டன. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்ததும் கணித ஆசிரியை போன் செய்தார்.

"சார், இங்க ஒரு சயின்ஸ் சார் இருக்காரு. வயசு கம்மி. அவரு வகுப்புல நான் உக்காந்து பாக்குறேன், என் வகுப்புல அவரு உக்காருறாரு. ரெண்டு பேரு போதாது. உங்க பி.எட். பிள்ளைக நாலு பேர அனுப்புங்க."

"திட்டம் இல்லையே டீச்சர்."

"திட்டம் இல்லாட்டி பிள்ளைக பயிற்சிக்குப் போகமாட்டாங்களா? எங்கயாவது போகத்தான போறாங்க? அந்த எங்கயோ இங்கயா இருக்கட்டும்."

அவர் சொன்னது மிக எளிமையானது. மூன்று வருடம் நான் அதை யோசிக்கவில்லை. எங்கள் மாணவர்கள் எல்லோரும் பல வாரம் பள்ளியில் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும். அவரவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு பள்ளியாகச் சிதறிப் போவதுதான் வழக்கம். அதை மாற்றி, நாலைந்து பேரைச் சேர்த்து ஒரே பள்ளிக்கு அனுப்பலாம். அதற்குப் புதிதாக எதுவும் தேவையில்லை. துறைக் கூட்டத்தின் ஒப்புதல் போதும்.

கூட்டத்தில் முதலில் எதிர்ப்பு இல்லை. பயிற்சி மதிப்பெண்ணில் ஒரு பங்கைப் பள்ளி ஆசிரியரே போட வேண்டும் என்று நான் சொன்னபோதுதான் வந்தது. "ஸ்கூல் டீச்சர் நம்ம ஸ்டூடன்ட்டுக்கு மார்க் போடுறதா?" என்று மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார். "அவங்களுக்கு என்ன தகுதி?"

நான் என் முதல் வகுப்பைப் பற்றிச் சொன்னேன். முப்பத்தியொன்று, இருபத்தெட்டு என்ற எண்களையும் சொன்னேன். துறையில் அதுவரை யாருக்கும் தெரியாது. சிலர் சிரித்தார்கள். மூத்தவர் சிரிக்கவில்லை. அவர் கடைசியாகப் பள்ளியில் பாடம் எடுத்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டிருக்கக்கூடும். இல்லாமலும் இருக்கலாம். நான் கேட்ட பங்கில் பாதி கிடைத்தது. வாரம் ஒரு நாள் நான் போய்வருவதை வேலை நேரமாக எழுதிக்கொள்ளவும் ஒப்புக்கொண்டார்கள்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. கொடைரோடு பக்கத்துப் பள்ளியில் ஒவ்வொரு வருடமும் நாலைந்து பேர் சேர்ந்து பயிற்சி எடுக்கிறார்கள். சக பேராசிரியை ஒருவர் சேவுகம்பட்டி பக்கம் இன்னொரு பள்ளியில் தொடங்கி, ஒரு வருடத்தில் நின்றுபோய், மறுபடி தொடங்கியிருக்கிறார். ஆத்தூர்ப் பள்ளியில் எதுவும் மிஞ்சவில்லை. ஒருமுறை அந்த வழியாகப் போனபோது இறங்கி விசாரித்தேன். இப்போது இருப்பவர்களுக்கு அப்படியொரு திட்டம் நடந்ததே தெரியாது. அங்கே முதலில் பயிற்சிக்கு வந்தவர்களில் மூன்று பேர் இன்று வேறு வேறு ஊர்களில் ஆசிரியர்கள். வகுப்பில் ஏதாவது புதிதாக நடந்தால் அவர்களில் ஒருத்தி எனக்கு எழுதுவாள். மற்ற இருவரிடமிருந்து செய்தி இல்லை.

கணித ஆசிரியை அடுத்த மே மாதம் ஓய்வு பெறுகிறார். அதற்குப்பின் என்ன ஆகும் என்று அந்த இளம் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். "நான் பாத்துக்கிறேன் சார். எனக்கு மாறுதல் வராம இருக்கணும்" என்றார். அதற்கு நான் எந்த உறுதியும் கொடுக்க முடியாது. அவராலும் முடியாது.

இந்த வருடப் பயிற்சி மாணவிகளில் இரண்டு பேர் வத்தலக்குண்டு பக்கமிருந்து வருகிறார்கள். பள்ளி வாசலில் அவர்கள் வரும் காலை பஸ் நிற்பதில்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளி இறங்கி நடந்து வருவதற்குள் முதல் பாடவேளை பாதி முடிந்துவிடுகிறது. அங்கே ஒரு நிறுத்தம் கேட்டு டெப்போவுக்கு மனு எழுதியிருக்கிறேன். தலைமை ஆசிரியரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.