ஐந்தரை முதல் ஆறரை வரை

நீல டிரம்மைக் குப்புறக் கவிழ்த்து, சந்துமுனையைப் பார்த்து அதன்மேல் உட்கார்ந்தாயிற்று. மணி காலை ஐந்தரை. இனி ஆறரை வரைக்கும் பேராச்சி அசையமாட்டாள். முதுகில் இந்தியா என்று எழுதிய சட்டை, காலில் ரப்பர் செருப்பு, மடியில் சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்த போன். தண்ணீர் டப்பாவோடு பொதுக் கழிப்பறைக்குப் போகிற பெண்கள் அவள் முழங்காலை உரசிக்கொண்டு போகிறார்கள். "நீ வரலியாளா?" என்று கேட்கிறார்கள். அவளுக்கும் முட்டிக்கொண்டுதான் வருகிறது. ஆனாலும் போகமாட்டாள். இருநூறு மீட்டரை இருபத்து மூன்றேகால் நொடியில் ஓடுகிற பிள்ளை, தாராவியில் தினமும் ஒரு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்?

விஷயம் இதுதான். வெளிநாடு போய் ஓடுகிறவர்கள் ஊக்கமருந்து ஏதும் எடுக்கிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வருவார்கள். சிறுநீர் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதற்காகத் தினமும் ஒரு மணி நேரம் தான் இருக்கப்போகும் இடத்தைப் போனில் முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். வந்தவர்கள் கண்ணில் படாவிட்டால் கணக்கில் ஒரு புள்ளி. பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று புள்ளி விழுந்தால் போச்சு, இரண்டு வருஷம் ஓட முடியாது. பேராச்சிக்கு வயது இருபத்திரண்டு. போன முறை ஆசியப் போட்டியில் ஆறாவதாக வந்தவள், அடுத்தது செப்டம்பரில். அவள் கணக்கில் இப்போதே இரண்டு புள்ளி இருக்கிறது. பழைய புள்ளிக்கு ஒரு வருஷம் முடிந்து அது அழிய இன்னும் ஏழு வாரம்.

அந்த முதல் புள்ளி அவள் பிழைதான். பயிற்சி முகாமை இரண்டு நாள் முன்னதாகவே முடித்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வருகிற குஷியில் போனில் இடத்தை மாற்ற மறந்துவிட்டாள். "அதுக்கு எந்தலையில நாந்தான் குட்டிக்கிடணும்" என்பாள்.

இரண்டாவதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. கீழ்வீட்டு முப்பிடாதியம்மாள் வாசலில் உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து வரும் ஜீன்ஸ் பேண்டுகளுக்குப் பிசிர்நூல் வெட்டுகிறவள். ஒருநாள் விடியற்காலை, கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண்ணும் ஆணும் வந்து பேராச்சி வீடு எது என்று அவளிடம் கேட்டார்கள். அட்டை மாட்டிக்கொண்டு பேர் சொல்லிக் கேட்டு வருகிறவர்கள் அந்தச் சந்துக்கு நல்லது கொண்டு வந்ததாகச் சரித்திரமே கிடையாது. முப்பிடாதியம்மாள் யோசிக்கவேயில்லை. "ஓ காவ் கயீ", ஊருக்குப் போய்விட்டாள் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். பேராச்சியோ அவள் தலைக்கு நேர் மேலே, இரும்பு ஏணி ஏறிப் போகிற அறையில், அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் இரண்டு தப்பான கதவைத் தட்டி, ஒரு மணி நேரம் காத்து நின்று, கடைசியில் போனும் அடித்துப் பார்த்தார்கள். போன் சத்தமில்லாமல் சார்ஜில் கிடந்தது.

"ஒன்னயத் தேடி பேங்க்வாலா மாதிரி ரெண்டு பேரு வந்தாவ. நான் விடுவனா? ஊருக்குப் போயிட்டான்னு சொல்லி வெரட்டிட்டேன்லா" என்று அன்று சாயங்காலம் முப்பிடாதியம்மாள் பெருமையாகச் சொன்னாள். பேராச்சி சிரித்தாள். "நல்லது, அத்த" என்றாள். ஏணி ஏறிப் போய், ஸ்பைக் ஷூ வைத்திருக்கும் பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா பூதத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது: "அத்த நமக்குன்னுதான சொன்னா? தெரிஞ்சா செத்துருவாப்பா. விடுங்க."

மறுநாளிலிருந்துதான் இந்த டிரம். தேடி வருகிறவர் யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். அத்தை கேட்டதற்கு, "காத்து வாங்குதேன்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். பாவம், மேலே பிள்ளைக்குப் புழுங்குகிறது போல என்று அத்தை தினமும் டீ கொண்டு வந்து நீட்டுகிறாள். குடித்தால் இன்னும் முட்டும். வேண்டாம் என்றால் மனசு நோகும். அதனால் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்து, எல்லாம் முடிந்தபிறகு ஆறிப்போன டீயைக் குடிப்பாள். பிறகு மரைன் லைன்ஸ் மைதானத்துக்குப் போக மாஹிம் ஸ்டேஷனை நோக்கி ஆடி அசைந்து நடப்பாள். கண்ணெதிரே வண்டி நகர்ந்தாலும் ஓடமாட்டாள். "தொட பிடிச்சிட்டுன்னா யாரு பாப்பா? அடுத்த லோக்கல் வரும்லா!"

போன செவ்வாய்க்கிழமை ஐந்தே முக்காலுக்குச் சந்துமுனையில் கழுத்து அட்டையோடு ஒரு பெண்மணி வந்து நின்றாள். பேராச்சி எழுந்தாள். வாயைத் திறப்பதற்குள், டீ டம்ளரோடு வந்துகொண்டிருந்த முப்பிடாதியம்மாள் குறுக்கே பாய்ந்து, முந்தானையை விரித்து அவளை மறைத்துவிட்டாள். "ஓ காவ் கயீ! ஏக் மஹினா!" இந்தத் தடவை ஒரு மாசமாம்.

"அத்த, தள்ளுங்க. இவிய எனக்காகத்தான் வந்திருக்காவ" என்று முந்தானைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

வந்தவள் பெயர் ரஞ்சனா. அன்றைக்கு வந்தவளும் அவள்தான். போன தடவையும் இந்த அம்மாதானே இப்படிச் சொன்னது என்று இந்தியில் கேட்டுவிட்டாள். முப்பிடாதியம்மாள் பேராச்சி பக்கம் திரும்பினாள்.

"ஏளா, அன்னைக்கு வந்தது இவியளா? நாஞ் சொன்னதுல ஒனக்கு ஏதும் ஆயிட்டா?"

"ஒண்ணும் ஆவல, அத்த."

"எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

பேராச்சி முகத்தைப் பார்த்தே சொன்னாள். "ஒண்ணும் ஆவல."

அத்தை நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் டம்ளரும் கையுமாக முன்னால் நடந்து, "வழிய விடுங்க, சர்க்காரு வேல!" என்று கழிப்பறை வரிசையை விலக்கினாள். பதினோரு பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். ரஞ்சனா உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருக்க, பேராச்சி கோப்பையை நிரப்பினாள். தொண்ணூறு மில்லி போதும். அவளிடம் அதற்கு மேலேயே இருந்தது.

திரும்பி வந்து, டிரம்மின்மேல் வைத்தே பாட்டில்களை மூடி முத்திரையிட்டார்கள். படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம். வீராங்கனையின் தரப்பில் கூட இருந்தவர் யாராவது கையெழுத்துப் போடலாம். வழக்கமாகப் பேராச்சி அங்கே ஒரு கோடு கிழித்துவிடுவாள். முப்பிடாதியம்மாள் சுவரோரமாக, தலை நிமிராமல் நின்றுகொண்டிருந்தாள். டம்ளர் இன்னும் கையிலேயே இருந்தது.

"அத்த, இதுல நம்ம வீட்டு ஆளு ஒரு கையெழுத்துப் போடணும்" என்று சொல்லி, பேனாவை அவள் கையில் கொடுத்துவிட்டு, டீயைத் தான் வாங்கிக்கொண்டாள் பேராச்சி.